எண்ணெய் குடிக்கும் மோட்டார்

பழைய மோட்டார் வண்டி வைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்கு என்றாவது ஒரு நாள் ஒரு தீர்ப்பு வந்து சேரும். வண்டியின் புகைக் குழாயிலிருந்து நீல நிறமாய் ஏதோ கிளம்புகிறது. பின்னால் ஸ்கூட்டரில் வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு முந்திப் போகிறார். போகிறபோது வண்டிக்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டும் போகிறார். மறுநாள் வண்டி பட்டறைக்குப் போகிறது. பட்டறைக்காரர் இரண்டு தடவை ஆக்ஸிலரேட்டரை அமுக்கிப் பார்க்கிறார். "ரிங் போயிடுச்சு ஸார். என்ஜினை இறக்கி போர் பண்ணணும்" என்கிறார். இந்த வாக்கியத்தின் விலை சில குடும்பங்களில் இரண்டு மாதச் சம்பளம். வேறு சிலர் இதைக் கேட்ட மாத்திரத்தில் வண்டியைப் பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிடத் தீர்மானித்து விடுகிறார்கள்.

பட்டறைக்காரர் சொன்னது மெய்யாகவே இருக்கலாம். ஆனால் இரண்டு தடவை அமுக்கிப் பார்த்து அதைத் தெரிந்துகொள்ள முடியாது. எண்ணெய் எரிவதற்குக் காரணங்கள் பல. அவற்றில் சிலவற்றுக்கு மருந்து சுண்டுவிரல் நகத்தளவு ரப்பர் வளையம். சிலவற்றுக்கு யந்திரத்தையே பிரித்துப் போட வேண்டும். எந்தக் காரணம் என்று கண்டறிவதற்குப் புகையின் நிறம் ஒரு சாட்சி. அதைவிட நல்ல சாட்சி, அந்தப் புகை எந்தச் சமயத்தில் வருகிறது என்பது. இதைக் கவனிக்க நிபுணர் தேவையில்லை. வண்டியில் தினம் ஏறி இறங்குகிற யாரும் கவனிக்கலாம்.

உதாரணத்துக்கு அம்பாஸடரையே எடுத்துக்கொள்வோம். கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் 1957 முதல் 2014 வரையில் செய்யப்பட்டுவந்த வண்டி அது. அதன் பெட்ரோல் யந்திரம் நெடுங்காலம் ஆங்கிலேயரின் மோரிஸ் வண்டி வமிசத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது: நான்கு ஸிலிண்டர், 1,489 கன சென்டிமீட்டர். ஒவ்வொரு ஸிலிண்டரின் குறுக்களவும் ஏறக்குறைய 73 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் ஏறக்குறைய 89 மில்லிமீட்டர். இங்கே சொல்லப்படும் விஷயங்கள் பம்பாயில் செய்யப்பட்ட பத்மினிக்கும், நம் சென்னையிலேயே செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கும் சில்லறை வித்தியாசங்களோடு பொருந்தும்.

முதலில் நிறத்தைப் பார்த்துவிடுவோம். விறகடுப்பில் சமைத்துப் பழகிய நம் பாட்டிமார்கள் புகையைப் பார்த்தே விறகு ஈரமா, காற்றுப் போதவில்லையா என்று சொல்லிவிடுவார்கள். மோட்டாரும் ஓர் அடுப்புத்தான். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் மிகுதி, காற்றுக் குறைவு. சோக் இழுத்தபடியே நின்றுவிட்டிருக்கும். அல்லது காற்றுச் சல்லடையில் தூசி அடைத்திருக்கும். அல்லது கார்ப்யுரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் உள்ள ஊசி சரியாக மூடாமல் பெட்ரோல் வழியும். இவை எல்லாம் சிறு வேலைகள்.

வெள்ளைப் புகை இருவகை. குளிர்ந்த காலையில் வண்டியைக் கிளப்பியதும் வெண்மையாக வந்து, குழாயின் முனையில் நீர் சொட்டி, சில நிமிஷங்களில் மறைந்துவிடுவது வெறும் நீராவி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். ஆனால் அது உண்மை. அந்த நீர், குழாய் சூடேறும்வரை கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவே. வண்டி நன்றாகச் சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை விடாமல் வந்தால் அது வேறு சங்கதி. ரேடியேட்டர் தண்ணீர் எங்கோ ஸிலிண்டருக்குள் புகுகிறது. அநேகமாய் ஹெட் காஸ்கெட் போயிருக்கும். ரேடியேட்டரில் மட்டம் குறைந்துகொண்டே போகும். எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறம் மோர்க்குழம்பு போன்ற ஒரு பசை படியும். ஆனால் குறுகிய தூரம் மட்டுமே ஓடும் வண்டிகளிலும் மழைக்காலத்தில் அந்தப் பசை கொஞ்சம் படிவதுண்டாகையால் அதை மாத்திரம் வைத்துப் பயந்துவிட வேண்டியதில்லை. சூடான ரேடியேட்டரின் மூடியை எக்காரணத்தைக் கொண்டும் திறக்கலாகாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். பிரேக்குக்கு வெற்றிட உதவிக் கருவி பொருத்திய வண்டிகளில் பிரேக் எண்ணெய் அதன் வழியாக யந்திரத்துக்குள் உறிஞ்சப்பட்டு வெள்ளைப் புகையாக வருவதும் உண்டு. ஹெட் காஸ்கெட்டைக் கழற்றுமுன் பிரேக் எண்ணெய்க் கிண்ணத்தை எட்டிப் பார்ப்பதற்குக் காசு செலவில்லை. பிரேக் எண்ணெய் குறைகிறதென்றால் அது புகையைவிட அவசரமான விஷயமுமாகும்.

மிச்சம் இருப்பது நீலம். அதுதான் எண்ணெய். மிக நுண்ணிய எண்ணெய்த் திவலைகள் வெளிச்சத்தில் நீலப் பகுதியை அதிகமாகச் சிதறடிக்கின்றன. வானம் நீலமாய்த் தெரிவதற்கு உள்ள காரணத்துக்கு இது நெருங்கிய உறவு. இதிலிருந்து ஒரு பயன் உண்டு. வெளிச்சமான வானத்தைப் பின்னணியாக வைத்துப் பார்த்தால் அதே புகை பழுப்பாகத் தெரிந்து ஏமாற்றும். நிழலான ஒரு சுவரையோ, அடர்ந்த மரத்தையோ பின்னணியாகக் கொண்டு, வெயில் பக்கவாட்டில் விழும் காலையிலோ மாலையிலோ பார்க்க வேண்டும். எண்ணெய் மிகுதியாக எரியும்போது திவலைகள் பெருத்து, நீலம் வெளுத்துச் சாம்பல் நிறமாகிவிடும். அப்போது மூக்கையும் துணைக்கு அழைக்க வேண்டியதுதான். கருகின எண்ணெயின் காரமான நாற்றத்தை ஒரு தடவை அறிந்தவர்கள் மறப்பதில்லை. ஆனால் இந்தப் பரீட்சையை மூடிய கொட்டகைக்குள் செய்யலாகாது. மோட்டார் விடும் வாயுக்களில் உயிரை வாங்கக்கூடிய கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

இனி, எண்ணெய் ஸிலிண்டருக்குள் எப்படி வருகிறது என்று பார்க்கலாம். அதற்குக் கீழ் வாசல் ஒன்று, மேல் வாசல் ஒன்று.

கீழ் வாசல் பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள். அவற்றைத்தான் ரிங் என்கிறோம். மேலே உள்ள ரிங்குகள் வெடிப்பின் அழுத்தம் கீழே கசியாமல் காக்கின்றன. அடியில் உள்ள ரிங், ஸிலிண்டர்ச் சுவரில் தெறித்த எண்ணெயை வழித்துக் கீழே தள்ளுகிறது. யந்திரம் நிமிஷத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு பிஸ்டனும் விநாடிக்கு 50 தடவை ஏறி இறங்குகிறது; அத்தனை தடவையும் இந்த வழித்தல் நடக்க வேண்டும். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் எண்ணெய் தீர்ந்துவிடுகிற ஒரு வண்டியை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம், நிமிஷத்துக்கு 2,000 சுற்று என்று வைத்துக்கொண்டால், ஒரு ஸிலிண்டரில் ஒரு வெடிப்புக்கு எரியும் எண்ணெய் ஒரு கன மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான். ஒரு சிறு கடுகே இதைப்போல் பல மடங்கு பெரிது. இவ்வளவு நுட்பமான வழித்தலில் சிறு தவறு ஏற்பட்டாலும் தெருவெல்லாம் புகைகிறது.

மேல் வாசல் வால்வுகள். யந்திரத்தின் தலையில் வால்வுத் தண்டுகள் கைடு என்னும் குழல்களுக்குள் ஏறி இறங்குகின்றன. அவற்றின் மேல்முனையில் எண்ணெய் எப்போதும் நனைத்துக்கொண்டிருக்கிறது. தண்டுக்கும் கைடுக்கும் நடுவே தேய்மானத்தால் இடைவெளி உண்டானாலும், தண்டில் மாட்டிய ரப்பர் வளையம் சூட்டில் காய்ந்து விறைத்துப் போனாலும், எண்ணெய் தண்டின் வழியே கீழிறங்கும். அதை இழுப்பதற்கு ஆள் உள்ளேயே இருக்கிறது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் காற்று வரும் வழி மூடிக்கொள்கிறது. பிஸ்டன்களோ உறிஞ்சிக்கொண்டே இருக்கின்றன. அந்தச் சமயத்தில் உட்குழாயில் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக்கூடக் குறைந்துவிடும். அந்த உறிஞ்சல் பெட்ரோலும் காற்றும் கிடைக்காமல், கிடைத்த எண்ணெயை இழுத்துக்கொள்கிறது.

இந்த இரண்டு வாசல்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு சமயத்தைக் கவனித்தால் விஷயம் விளங்க ஆரம்பிக்கும். இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பியதும் குப்பென்று ஒரு நீலப் புகை வந்து, அரை நிமிஷத்தில் தெளிந்துவிட்டால், இரவில் மேலிருந்து சொட்டிய எண்ணெய் அது, மேல் வாசல். சிக்னலில் இரண்டு நிமிஷம் சும்மா ஓடிக்கொண்டு நின்றுவிட்டுக் கிளம்பும்போது குப்பென்று வந்தாலும் அதுவே. நேரான சாலையில் வேகம் கூட்டும்போதும், பாரத்தோடு மேடு ஏறும்போதும், காலை எடுக்காதவரையில் புகை விடாமல் தொடர்ந்தால் கீழ் வாசலைச் சந்தேகிக்க வேண்டும்.

இதற்கு மலைச் சாலையைப் போன்ற பரிசோதனைச் சாலை வேறு கிடையாது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் பாதையில் நல்ல கண் உள்ள ஒருவரைப் பின்னால் வேறொரு வண்டியில் வரச் சொல்ல வேண்டும். ஓட்டுகிறவர் கண்ணாடியில் பார்த்துத் தம் புகையைத் தாமே எடை போடுவது கஷ்டம். ஏறும்போது புகைகிறதா என்று அவர் பார்க்கட்டும். திரும்பும்போது பர்லியாறு வரையில் இரண்டாம் கியரில் காலை எடுத்துவிட்டு இறங்கி, சமமான இடம் வந்ததும் ஆக்ஸிலரேட்டரை அமுக்கினால் என்ன வருகிறது என்றும் பார்க்கட்டும். இறக்கம் முழுவதும் சும்மா வந்து, அமுக்கியதும் ஒரு மேகத்தைக் கக்கினால், வால்வுத் தண்டுகளின் வழியே சேர்ந்த எண்ணெய்தான் முதல் சந்தேகம். முதல் சந்தேகம் என்றுதான் சொல்கிறோம். எண்ணெய் வழிக்கும் ரிங் தேய்ந்திருந்தாலும் அந்த உறிஞ்சல் கீழிருந்தும் கொஞ்சம் இழுக்கும். ஆகவே மற்றச் சாட்சிகளையும் கேட்ட பிறகே தீர்ப்பு.

டீஸல் வண்டிக்காரர்கள் இந்த உறிஞ்சல் வாதத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய டீஸல் யந்திரங்களில் காற்று வழியை மூடும் கதவே சாதாரணமாகக் கிடையாது.

மற்றச் சாட்சிகளில் பல வீட்டு வாசலிலேயே கிடைக்கும். முதலாவது, எண்ணெய் உண்மையில் எரிகிறதா, ஒழுகுகிறதா? பழைய மோரிஸ் வமிச யந்திரத்தில் முக்கிய அச்சின் பின்புறத்தில் எண்ணெயைத் தடுக்க ரப்பர் ஸீல் என்று ஒன்றும் இல்லை. அச்சில் திருகாணிபோல் வெட்டிய ஒரு பள்ளம் சுழன்று எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. வண்டி நின்றுவிட்டால் பள்ளமும் நின்றுவிடும். அதனால்தான் அம்பாஸடர் நின்ற இடமெல்லாம் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போகிறது. இரவில் வண்டிக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைத்தால் காலையில் அது செய்தி சொல்லும். குறைந்த எண்ணெய் முழுவதும் தாளிலேயே இருக்குமானால் புகையின்மேல் குற்றம் சாட்டுவானேன்?

இரண்டாவது, அளவு. ஸமதரையில், காலையில், யந்திரம் குளிர்ந்திருக்கும்போது அளவுக்கோலை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு சிறு நோட்டுப் புஸ்தகத்தில் தேதி, ஓடிய கிலோமீட்டர், ஊற்றிய எண்ணெய் மூன்றையும் எழுதி வந்தால் இரண்டு மாதத்தில் உண்மை தெரிந்துவிடும். பழைய யந்திரத்துக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. அதற்குள் இருந்தால் அவசரப்பட வேண்டியதில்லை. அதைத் தாண்டி, மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டும் போனால் கவனிக்க வேண்டும். அளவுக்கோலைப் பார்க்கும்போதே எண்ணெய் மேல் குறியைத் தாண்டி நிற்கிறதா என்றும் பார்க்கலாம். பட்டறைப் பையன் தாராளமாக ஊற்றிவிட்ட எண்ணெயைச் சுழலும் அச்சு அடித்துச் சிதறி, ரிங்குகளால் வழிக்க முடியாமல் புகைகிற வண்டிகளும் உண்டு. அதற்குச் சிகிச்சை, மிகுதியை இறக்கிவிடுவதுதான்.

மூன்றாவது, யந்திரம் மூச்சு விடும் குழாய். வெடிப்பின் வாயுவில் சிறிது எப்போதும் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும். அது வெளியேறுவதற்கென்று குழாய் உண்டு. ஒரு கிளை வால்வு மூடியிலிருந்து காற்றுச் சல்லடைக்குப் போகும். அது கசடால் அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எண்ணெய் போகக்கூடாத இடமெல்லாம் போகும். குழாயைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி மாட்டினதோடு புகை அடங்கிய வண்டிகள் இருக்கின்றன. குழாய் சுத்தமாயிருந்தும், எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்ளிருந்து ரயில் என்ஜின்போலக் குபுகுபுவென்று புகை வந்தால், ரிங்குகள் வாயுவைத் தாராளமாய் விடுகின்றன என்று அர்த்தம். காற்றுச் சல்லடை எண்ணெயில் ஊறியிருந்தாலும் அதே அர்த்தம்.

நான்காவது சாட்சி ஸ்பார்க் பிளக். நான்கையும் கழற்றி, எந்த ஸிலிண்டருடையது என்று வரிசை தவறாமல் வைத்துப் பார்க்க வேண்டும். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. ஈரமான, மினுமினுக்கும் கறுப்பு என்றால் எண்ணெய். நான்கும் ஒரேமாதிரி ஈரமானால் பொதுவான தேய்மானம்; ஒன்று மாத்திரம் ஈரமானால் அந்த வீட்டில்தான் திருட்டு.

இதற்குமேல் பட்டறைக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் "பார்த்துச் சொல்லுங்கள்" என்று சொல்லாமல், "கம்ப்ரெஷன் பார்த்து நான்கு எண்களையும் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்க வேண்டும். யந்திரம் சூடாக இருக்கும்போது, நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அமுக்கிக்கொண்டு, ஸ்டார்ட்டரால் சுற்றி, அழுத்தமானியில் படிக்கிற சோதனை அது. அரை மணி வேலை. எண்கள் எவ்வளவு உயரம் என்பதைவிட நான்கும் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கின்றனவா என்பது முக்கியம். ஒரு ஸிலிண்டரில் எண் குறைந்தால், பிளக் துவாரத்தின் வழியாக ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளக்க வேண்டும். எண்ணெய் தாற்காலிகமாக ரிங்கின் சந்தை அடைக்கும். எண் நன்றாக ஏறினால் குற்றவாளி ரிங். ஏறாமல் அப்படியே நின்றால் வால்வோ காஸ்கெட்டோ.

நமக்குப் பழக்கமான, ஓய்வு பெற்ற தபால் அதிகாரி ஒருவரின் அம்பாஸடர் காலையிலும் சிக்னலிலும் புகைந்துகொண்டிருந்தது. மேட்டில் புகையவில்லை. பட்டறையில் வழக்கமான தீர்ப்பே கிடைத்தது. பழைய வண்டிக்கு அவ்வளவு பணம் கொட்டுவதா என்று அவர் வீட்டில் ஒரு வாரம் விவாதம். கடைசியில் வேறோரிடத்தில் கம்ப்ரெஷன் பார்த்ததில் நான்கு ஸிலிண்டர்களும் அண்ணன் தம்பிகள்போல் ஒத்திருந்தன. அந்த மெக்கானிக் வயதானவர். ஹெட்டைக்கூட இறக்கவில்லை. பிளக் துவாரத்தின் வழியாகப் பருத்திக் கயிற்றை உள்ளே திணித்து, பிஸ்டனை மேலே கொண்டுவந்து, கயிறு வால்வுகளை விழாமல் தாங்கும்படி செய்துவிட்டு, மேலிருந்து ஸ்பிரிங்குகளைக் கழற்றி எட்டு ரப்பர் வளையங்களையும் மாற்றினார். பழைய வளையங்கள் விரலால் அழுத்தியதும் அப்பளம்போல் நொறுங்கின. ஒரு பிற்பகல் வேலை. புகை அடியோடு நின்றுவிட்டதென்று சொல்ல மாட்டோம். கைடுகளிலும் தேய்மானம் இருக்கிறதாகையால் வெகுநேரம் நின்று கிளம்பும்போது இன்னமும் லேசாக ஒரு கீற்று வருகிறது. அதற்கு ஹெட்டை இறக்கிக் கைடுகளை மாற்ற வேண்டும். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் இருக்கிறார். அதுவும் நியாயமான முடிவே.

எப்போதும் பட்டறைக்காரர்தான் தவறு என்று இதிலிருந்து எண்ணிவிடக் கூடாது. நாம் பார்த்த ஒரு பத்மினியில் மூன்றாம் பிளக் மாத்திரம் எண்ணெயில் குளித்திருந்தது. மூன்றாம் ஸிலிண்டரின் எண் பாதியாக விழுந்திருந்தது. எண்ணெய் விட்டதும் ஏறிற்று. பிரித்துப் பார்த்தபோது ரிங் இரண்டு துண்டாக இருந்தது. அங்கே யந்திரத்தைப் பிரித்ததே சரி.

இன்னொரு சூட்சுமத்தையும் சொல்ல வேண்டும். கம்ப்ரெஷன் நான்கிலும் நன்றாக இருந்தும் வண்டி கீழ் வாசல் வழியே எண்ணெய் குடிப்பதுண்டு. எண்ணெய் மாற்றாமலே பல மாதம் ஓட்டிய வண்டிகளிலும், மாதக்கணக்கில் நின்றுவிட்ட வண்டிகளிலும், எண்ணெய் வழிக்கும் ரிங் கரி பிடித்துத் தன் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டுவிடும். மேலே உள்ள ரிங்குகள் ஒழுங்காக இருப்பதால் அழுத்தமானி ஒன்றும் சொல்லாது. இப்படிச் சந்தேகம் வந்தால் இரவு முழுவதும் ஸிலிண்டர்களில் கரி கரைக்கும் திரவத்தை ஊறவைத்து, மறுநாள் அந்தத் திரவம் சிறிதும் தங்காமல் யந்திரத்தைச் சுற்றி வெளியேற்றி, புது எண்ணெய் ஊற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓடவிட்டுப் பார்க்கலாம். பலிக்கும் என்று உத்தரவாதம் இல்லை. ஆனால் யந்திரத்தை இறக்குவதற்கு முன் செய்து பார்க்கத் தகுந்த மலிவான முயற்சி.

எல்லாச் சாட்சிகளும் ரிங்கையும் ஸிலிண்டரையும் காட்டுமானால் யந்திரத்தைப் பிரிக்க வேண்டியதுதான். அப்போதும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஸிலிண்டரின் தேய்மானம் எவ்வளவு? ஸிலிண்டர் சமமாகத் தேய்வதில்லை. ரிங் உச்சியில் நின்று திரும்பும் இடத்தில் மிக அதிகமாகவும், அடியில் மிகச் சொற்பமாகவும் தேயும். இந்த வித்தியாசம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் எட்டு, பத்துப் பங்குக்கு மேல் போய்விட்டால் பெரிய அளவுக்குக் குடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவது வழக்கம். அதற்குள் இருந்தால் சுவரைச் சுரசுரப்பாக்கிப் புது ரிங் போட்டுச் சில வருஷம் ஓட்டலாம். ஆனால் உச்சியில் தேயாமல் நிற்கும் விளிம்பை முதலில் அகற்ற வேண்டும். அகற்றாமல் போட்டால் புது ரிங் அதில் மோதி உடைந்துபோகும். இந்தச் சிக்கனத்தால் ஒரே வேலைக்கு இரண்டு தடவை பணம் கொடுத்தவர்களை நாம் அறிவோம். அளவைக் காகிதத்தில் வாங்கிக்கொள்ளவும், கழற்றிய பழைய சாமான்களைத் திருப்பிக் கேட்கவும் கூச்சப்பட வேண்டாம். பிஸ்டனுக்கும் ரிங்குக்கும் சீமைக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்த காலம் போய் எவ்வளவோ வருஷமாகிறது. சென்னை செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949-இல் ஆரம்பமாயிற்று.

புது ரிங் போட்ட வண்டியும் சில நாள் லேசாகப் புகையும். ரிங்கும் சுவரும் ஒன்றோடொன்று பழகவேண்டும். முதல் ஆயிரம் கிலோமீட்டர் மிதமான வேகத்தில், வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டுவது நல்லது. மரியாதை காட்டுவதாக நினைத்து வாசலில் மணிக்கணக்கில் சும்மா ஓடவிடுவது கெடுதல். சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாகி, ரிங் அதில் படியவே படியாது.

வைத்தியம் செய்ய இப்போது வசதியில்லை என்றால் என்ன செய்வது? எண்ணெயின் தரத்தையாவது சரியாக வைத்துக்கொள்ளலாம். இக்காலத்துப் புது வண்டிகளுக்கென்று வரும் நீர்போன்ற எண்ணெய் பழைய யந்திரத்தில் எல்லா இடுக்கிலும் புகுந்துவிடும். 20 டபிள்யூ 50 என்று குறித்த எண்ணெயே இந்த வண்டிகளுக்கு உகந்தது. அதைவிடக் கெட்டியாக்குவதற்காகத் தேன்போன்ற ஒரு திரவத்தைக் கலக்கிறார்கள். அது புகையைச் சில வாரம் மறைக்கும், நோயைத் தீர்க்காது. குளிர்ந்த காலையில் அந்தக் கூழ் தாங்கிகளுக்குப் போய்ச் சேரத் தாமதமாவதும் உண்டு.

தாமதிப்பதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. எண்ணெய் மட்டம் கீழ்க் குறிக்குக் கீழே போன வண்டியை ஓட்டினால் தாங்கிகளும் முக்கிய அச்சும் கெட்டுவிடும். அப்போது பழைய ரிங் செலவு சில்லறையாகத் தோன்றும். நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரல் முதல் விற்ற புதுப் பெட்ரோல் கார்களுக்குப் புகை சுத்திகரிக்கும் காடலிடிக் கன்வர்ட்டர் கட்டாயமாயிற்று. அந்தக் காலத்துக்குப் பின் வந்த வண்டிகளில் எரியும் எண்ணெயிலுள்ள பாஸ்வரம் அந்தக் கருவியையும் செயலற்றதாக்கும். புகைச் சான்றிதழ் வாங்கிவிட்டோமே என்று திருப்திப்படவும் முடியாது. பெட்ரோல் வண்டிக்கு அந்தச் சோதனை சும்மா ஓடும்போது கார்பன் மோனாக்ஸைடையும் ஹைடிரோகார்பனையும் அளப்பது. மேட்டில் புகைகிற வண்டி அதில் தேறிவிடலாம். தெருவில் பின்னால் வருகிற குழந்தையின் மார்புக்கு அந்தச் சான்றிதழ் கவசம் ஆகாது. பதினைந்து வருஷமான வண்டியின் பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது இன்ஸ்பெக்டரின் கண்ணும் மூக்கும் வேறு இருக்கின்றன.

பழைய வண்டி வாங்க உத்தேசித்திருப்பவர்களுக்கும் இவ்வளவும் பிரயோஜனப்படும். வண்டியைப் பார்க்கப் போனதும் முதலில் பானெட்டின்மேல் கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், நீங்கள் வருமுன்பே யாரோ கிளப்பி, காலைப் புகையை விட்டுத் தீர்த்திருக்கிறார்கள். அளவுக்கோலில் உள்ள எண்ணெயை இரண்டு விரல்களுக்கு நடுவே எடுத்து இழுத்துப் பாருங்கள். பாகுபோல் நூல் விட்டால் தேன் கலந்திருக்கிறது. அப்படியானால் விலை பேசாமல் திரும்பிவிட்டு, "நாளைக் காலையில் ஆறு மணிக்கு வருகிறோம், அதுவரையில் வண்டியைக் கிளப்ப வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, ஐந்தரை மணிக்கே போய் வாசலில் நில்லுங்கள்.